இசைத்தட்டும் இரைச்சலும்

உரைநடைப் பகுதி

நுழையும்முன்

செல்லரித்த ஓலைச்சுவடிகளைத் தேடிப் பதிப்பித்த அறிஞர்களைப் பற்றி முந்தைய வகுப்பில் படித்தீர்கள். ஓலையைப் போலவே ஒலியும் பழுதுபடும். பழுதுபட்ட குரலை மீட்போர் எதனை நீக்குகின்றனர், எதனை நீக்க அஞ்சுகின்றனர் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

பாடம்

மாணவர்களே! சென்ற ஆண்டு வகுப்பில் ஒரு பழைய இசைத்தட்டின் ஒலிக்கோப்பை ஒலிக்கச் செய்தேன். முதல் ஐந்து நொடிகளில் பாட்டே இல்லை. ‘சோ’வென்ற ஓசையும், இடையிடையே விரலைச் சொடக்குவது போன்ற ஒலியும் மட்டுமே கேட்டன. “ஐயா, மழை பெய்யும்போது பதிவு செய்தார்களா?” என்று ஒரு மாணவி வினவினாள். வகுப்பே சிரித்தது. ஆனால், அது சிரிப்பதற்குரிய வினா அன்று. அந்த மழை தட்டுக்குள்ளேயே பெய்துகொண்டிருந்தது. ஏன் பெய்தது என்பதை அறியத் தட்டு எதனால் ஆனது என்று முதலில் அறிதல் வேண்டும்.

எமில் பெர்லினர் என்பவர் 1887ஆம் ஆண்டில் கிராமபோனுக்குக் காப்புரிமை கோரினார். அடுத்த பத்தாண்டுகளுக்குள் தட்டுகளை அரக்கால் செய்யும் முறை நிலைபெற்றது. பலாசு, இலந்தை முதலிய மரங்களின் இளங்கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசினே அரக்கு. அதனைத் தூய்மைசெய்து மெல்லிய ஏடுகளாக்கினால் ஷெல்லாக் கிடைக்கும். உலக நாடுகளில் உருவான இசைத்தட்டுகளுக்கு வேண்டிய அரக்கில் பெரும்பகுதி இந்தியக் காடுகளிலிருந்தே சென்றது. இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்து இராஞ்சிக்கு அருகில் 1924ஆம் ஆண்டிலேயே அரக்கு ஆராய்ச்சிக்கெனத் தனி நிறுவனம் எழுந்தது என்றால், அப்பொருளுக்கு அன்றிருந்த மதிப்பை உணரலாம்.

ஆயினும், தட்டு முழுவதும் அரக்கன்று. அரக்கு பசைபோலப் பிணைக்க, அதனுள் சுண்ணக்கல் தூள், பலகைக்கல் தூள், கரும்புகைத் தூள் முதலியன பேரளவில் கலந்திருந்தன. கல்தூளைக் கலந்ததற்குக் காரணம் உண்டு. அக்காலக் கிராமபோனின் எஃகு ஊசி, தட்டிலுள்ள வரிப்பள்ளத்தின் வடிவுக்கு ஏற்பத் தேய வேண்டும். கல்தூள் அரமாக நின்று ஊசியை அராவியது. அதனால்தான் ஒரு பக்கம் இசைத்து முடிந்ததும் ஊசியை மாற்றினர். அரம் ஊசியை அராவும்போது எழும் ஓசையே நாம் கேட்ட மழை. ஆகவே, இத்தட்டின் இரைச்சல் முதுமையில் வந்த நோயன்று, பிறவியிலேயே வந்தது. பிற்காலத்துக் கீறலும் தூசியும் பூஞ்சையும் அதன்மேல் ஏறியவை.

இந்த இரைச்சலுக்குள் இருப்பது என்ன? நாடக மேடையில் புகழ்பெற்ற எஸ்.ஜி. கிட்டப்பாவை எண்ணிப் பாருங்கள். அவர் 1906ஆம் ஆண்டு பிறந்து, 1933ஆம் ஆண்டின் இறுதியில், இருபத்தேழு வயதில் மறைந்தார். திரைப்படம் எதிலும் நடிக்கவில்லை. அவர் பாடியதை நேரில் கேட்டவர் இன்று இருப்பது அரிது. அவருடைய குரல் இவ்வுலகில் தங்கியிருக்கும் இடம் அரக்குத் தட்டின் வரிப்பள்ளம் ஒன்றே. அத்தட்டிலிருந்து இரைச்சலை நீக்குகிறோம் என்று குரலின் ஒரு பகுதியையும் நீக்கிவிட்டால், சரிபார்த்துக்கொள்ள வேறு சான்று இல்லை.

இங்கு என் பிழையொன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது பாட்டி வீட்டுப் பரணில் பெயர்த்தாள் உரிந்துபோன தட்டு ஒன்று கிடைத்தது. அழுக்கு ஏறியிருந்தது. காயத்துக்கு இடும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து நன்றாகத் துடைத்தேன். பஞ்சு கருத்தது, அழுக்கு போகிறது என்று மகிழ்ந்தேன். பஞ்சில் வந்தது அழுக்கன்று. தட்டே கரைந்து வந்தது. அரக்கு சாராயத்தில் கரையும் என்பதை நான் அறியேன். அதன்பின் அத்தட்டில் எதுவும் கேட்கவில்லை. பாட்டி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அது யார் பாடிய தட்டு என்று கேட்டதற்கு விடையும் சொல்லவில்லை.

ஒலி மீட்பு என்றவுடன் கணினித் திரையே நம் நினைவுக்கு வருகிறது. அதனை ஆளத் தெரிந்தவர்களோ முதலில் நாடுவது காய்ச்சி வடித்த நீரையும் மென்மையான தூரிகையையும்தான். நீரில் மென்மையான சலவைநீர்மம் சில துளி சேர்த்து, வரிப்பள்ளத்தின் போக்கிலேயே தூரிகையை ஓட்டி, நன்னீரில் அலசி, பஞ்சிழை படியாத துணியால் ஒற்றி உலர்த்துவர். நடுவிலுள்ள பெயர்த்தாள் நனையாமல் காப்பர். பள்ளத்தில் படிந்த தூசி ஒவ்வொன்றும் ஒரு ‘டிக்’ ஒலி. நீரால் போகும் ஒலியைக் கணினியிடம் விடுவது அறிவுடைமையன்று.

அடுத்தது ஊசி. பிற்கால நெடுந்தட்டை இசைக்கும் ஊசியைக் காட்டிலும் அரக்குத் தட்டுக்குரிய ஊசி ஏறத்தாழ மூன்று மடங்கு பருமனானது. மெல்லிய ஊசியை இட்டால் அது பள்ளத்தின் அடியில் கிடக்கும் குப்பையில் உருளும். காப்பகங்களில் வெவ்வேறு பருமனுள்ள ஊசிகளை வரிசையாக வைத்திருப்பர். பழைய எஃகு ஊசிகள் பலமுறை ஓடிப் பள்ளத்தின் சுவரை ஒரு குறிப்பிட்ட உயரத்தில் தேய்த்திருக்கும். அதற்குச் சற்று மேலேயோ கீழேயோ தேயாத பட்டை ஒன்று எஞ்சியிருக்கும். சரியான பருமனுள்ள ஊசி அப்பட்டையைத் தொட்டுச் செல்லும்போது, கெட்டுப்போனது என்று எண்ணிய தட்டு தெளிவாகப் பாடும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. இத்தட்டுகளில் ஒலி, பள்ளத்தின் இடவல நெளிவாகப் பொறிக்கப்பட்டுள்ளது. ஊசி மேலும் கீழும் குதிப்பதால் எழுவதில் பாட்டு இல்லை. இரைச்சல் மட்டுமே உண்டு. ஆகவே, பள்ளத்தின் இரு சுவர்களையும் தனித்தனியே பதிவுசெய்து, இடவல அசைவு ஒன்றுசேருமாறும் மேல்கீழ் அசைவு ஒன்றையொன்று அழிக்குமாறும் இணைப்பர். பாட்டில் ஓர் இழையும் குறையாமல் இரைச்சல் மட்டும் குறையும். நான் கற்ற மீட்பு முறைகளுள் பழுதின்றிப் பயன்தருவது இதுவே என்பது என் கருத்து.

இதன்பின்னரே டிஜிட்டல் பணி தொடங்குகிறது. இதனைத் தமிழில் எண்மமாக்கல் என்கிறோம். காப்பகங்களில் ஒரு நொடி ஒலியை 96,000 துளிகளாக அளந்து, ஒவ்வொரு துளியின் உயரத்தையும் எண்ணாக எழுதி வைப்பது வழக்கம். பழைய தட்டுக்கு இவ்வளவு நுண்மை எதற்கு என்று கேட்கலாம். குரலுக்காக அன்று, கீறலுக்காகவே. கீறல் எழுப்பும் சொடக்கு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கே நீடிப்பதாகக் கொண்டாலும் அதற்கு 96 துளிகள் கிடைக்கும். நுண்ணிதின் அளந்தால் சொடக்கு செங்குத்தான முள்ளாக நிற்கும். பரும்படியாக அளந்தால் பாட்டோடு கரைந்து மறையும். பகை நன்றாகத் தெரிந்தால்தானே நீக்க முடியும்?

சொடக்கைக் கணினி எவ்வாறு இனங்காண்கிறது? ‘யானை தன் _____ நீரை உறிஞ்சியது’ என்று எழுதினால், விடுபட்ட சொல் ‘துதிக்கையால்’ என்று நீங்கள் தயங்காமல் நிரப்புவீர்கள். முன்னும் பின்னும் உள்ள சொற்கள் அதனைச் சொல்லிவிடுகின்றன. ஒலியும் அத்தகையதே. மனிதக் குரலின் அலை திடீரெனத் தாவாது. முந்தைய துளிகளைக் கொண்டு அடுத்த துளி எங்கே விழும் என்று ஓரளவு கணிக்கலாம். கணித்த இடத்துக்கும் உண்மையில் விழுந்த இடத்துக்கும் பெருத்த வேறுபாடு இருந்தால், அவ்விடத்தைக் கணினி ‘கீறல்’ எனக் குறிக்கிறது. பின்பு அத்துளிகளை அகற்றிவிட்டு, இருபுறமும் உள்ள அலையின் போக்கை ஒட்டிப் புதுத்துளிகளை இட்டு நிரப்புகிறது.

இங்கேதான் தமிழாசிரியனாகிய எனக்கு அச்சம் பிறக்கிறது. வல்லின மெய்கள் எவ்வாறு பிறக்கின்றன என்று நினைவுகூருங்கள். க், ட், த், ப் ஆகியவற்றை ஒலிக்கும்போது மூச்சு முழுவதும் தடைபட்டு, பின் சட்டென வெடித்து வெளிவருகிறது. முதலில் ஒரு நொடிப்பின்ன அமைதி. அடுத்து ஒரு வெடிப்பு. திரையில் அலையாக வரைந்து பார்த்தால் அவ்வெடிப்பும் ஒரு முள்ளாகவே தோன்றும். கணித்த இடத்தில் விழாத துளி அது. கீறலை நீக்கும் கருவிக்குத் தமிழ் தெரியாது. அதன் கூர்மையை மிகுதியாக வைத்தால் கீறலோடு வல்லினத்தின் தலையையும் சீவிவிடும். வகுப்பில் நாம் கேட்ட அதே கோப்பை ஓர் இலவசச் செயலியில் இட்டு, நீக்கும் அளவை உச்சத்தில் வைத்துப் பார்த்தேன். மழை நின்றது; சொடக்கும் நின்றது. ஆனால் ‘பாட்டு’ என்ற சொல் ‘வாட்டு’ என்பதுபோல் ஒலித்தது. பாடியவர் பல்லில்லாதவர் போலானார். மிருதங்கத்தின் வலந்தலையில் விழும் தெளிந்த அடியும் ஈரத்துணியில் அடித்தாற்போல் மழுங்கியது. அளவைப் பாதியாகக் குறைத்தபின் வல்லினம் திரும்பியது. உடன் சில கீறல்களும் திரும்பின. அவை இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடுகு தாளிப்பது போன்ற பொரியோசையை நீக்கும் முறையும் ஏறத்தாழ இதுவே. மின்சாரத்தால் எழும் முரலொலி நம் நாட்டில் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணிலும் அதன் மடங்குகளிலும் வருவதால், அவ்விடங்களை மட்டும் வெட்டினால் போதும்.

கடினமானது, தொடர்ந்து பெய்யும் ‘சோ’ இரைச்சல். அது சொடக்கைப் போல ஓரிடத்தில் நிற்பதன்று. பாட்டு முழுவதிலும், தாழ்ந்த ஒலிமுதல் உயர்ந்த ஒலிவரை எங்கும் பரவி நிற்பது. பாட்டுத் தொடங்குமுன் ஊசி ஓடும் வெற்றுப் பள்ளத்தில் இரைச்சல் மட்டுமே இருக்கும். அப்பகுதியைக் கணினிக்கு மாதிரியாகக் காட்டி, ‘இதுபோல் இருப்பதையெல்லாம் கழி’ என்று பணிப்பர். கணினி ஒலியைச் சிறுசிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண் எவ்வளவு உள்ளது எனக் கணக்கிட்டு, மாதிரியின் அளவைக் கழித்துவிடும். ஆனால், இரைச்சல் எல்லாத் துண்டிலும் ஒரே அளவாய் இருப்பதில்லை. மிகுதியாகக் கழித்தால், அங்கங்கே கழிபடாது எஞ்சிய துணுக்குகள் நீருக்கடியில் சிறுமணிகள் சிணுங்குவதுபோல் ஒலிக்கும். பழைய மழையைக் காட்டிலும் இச்சிணுங்கல் செவிக்குப் பகையானது. மழைக்குச் செவி பழகிவிடும், இதற்குப் பழகாது.

மாதிரியைத் தேர்ந்தெடுப்பதிலும் இடர் உண்டு. வெற்றுப் பள்ளம் கிடைக்கவில்லை என்று, பாடகர் மூச்சுவிட நிறுத்திய இடத்தை மாதிரியாகக் கொள்வோர் உளர். நம் இசையில் பாடகர் நிறுத்தினாலும் சுருதி நிற்பதில்லை. தம்புராவோ சுருதிப்பெட்டியோ நாகசுரத்துக்கு ஒத்தோ அடியில் இழைந்துகொண்டே இருக்கும். மாறாமல் தொடர்ந்து ஒலிப்பது எதுவோ அதுவே இரைச்சல் என்பது கணினியின் இலக்கணம். அதன்படி சுருதியும் இரைச்சலாகிவிடும். முடிவில் தூய்மையான கோப்பு ஒன்று கிடைக்கும். பாடகர் வெற்றிடத்தில் தொங்கிக்கொண்டிருப்பார்.

தட்டின் வயதையும் கேட்டறிதல் வேண்டும். 1925ஆம் ஆண்டளவில் மின்முறைப் பதிவு வருமுன், பாடகர் ஒரு பெரிய கூம்புக்குழலை நோக்கிப் பாடினார். அம்முறையில் ஏறத்தாழ 250 முதல் 2,500 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியே நன்கு பதிந்தது. அதற்கு வெகுமேலே உள்ளது பெரும்பாலும் இரைச்சலே, துணிந்து வெட்டலாம். மின்முறைத் தட்டிலோ அவ்வுயரத்தில் சகரத்தின் சீறலும் வயலின் வில்லின் உராய்வும் உள்ளன. ஒரே கத்தியை இரண்டிலும் வைத்தல் தகாது. வேகமும் இத்தகையதே. நிமிடத்துக்கு 78 சுற்று என்பது பிற்காலத்தில் நிலைத்த வழக்கு. முற்காலத் தட்டுகள் பல அதனின் வேறுபட்டன. 74 சுற்றில் பதிந்ததை 78இல் ஓட்டினால் குரல் ஏறத்தாழ அரைச்சுரம் உயர்ந்து, நடுவயதுக் குரல் இளங்குரலாகிவிடும்.

பெர்லினர் காப்புரிமை கோரிய அதே 1887ஆம் ஆண்டில்தான் உ.வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது. இரண்டிற்கும் தொடர்பில்லை, ஆனால், எனக்கு இவ்வொற்றுமை மறப்பதில்லை. சுவடியைப் பதிப்பித்தோர் பாடபேதங்களை மறைக்காமல் குறித்தனர். சிதைந்துபோன இடத்தில் தாமே ஒரு சொல்லை இட்டு நிரப்பாமல் புள்ளியிட்டுக் காட்டினர். புறநானூற்றுப் பதிப்புகளில் அப்புள்ளிகளை இன்றும் காணலாம். ஒலியைப் பதிப்பிப்போரும் அவ்வாறே செய்கின்றனர். இரைச்சலோடு கூடிய முதற்பதிவை, ஒரு துளியும் மாற்றாமல், மூலமாகக் காக்கின்றனர். வடிகட்டிய கோப்பு, கேட்போருக்கான பதிப்பு மட்டுமே. எந்த ஊசி, என்ன வேகம், எதை எவ்வளவு நீக்கினோம் என்பவற்றையும் எழுதி வைப்பர். நாளை மேலும் நல்ல கருவி வரும். அப்போது மூலத்திலிருந்து மீண்டும் தொடங்கலாம். வடிகட்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்தவர், சுவடியைப் படியெடுத்தபின் அடுப்பிலிட்டவரை ஒப்பர்.

மூலத்தில் என்னவெல்லாம் இருக்கும் என்பதற்கு ஒரு சான்று. 1902ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் கொல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் பாடகி, பிரெட் கெய்ஸ்பெர்க் என்னும் ஒலிப்பதிவாளர்முன் பாடினார். இந்தியாவில் பதிவான முதல் இசைத்தட்டுக் குரல்களுள் அவருடையதும் ஒன்று. ஏறத்தாழ மூன்று நிமிடத்தில் பாட்டை முடித்ததும், அவர் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்க அறிவித்தார். பதிவு ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குச் சென்று தட்டாக வேண்டும். அங்குள்ள தொழிலாளர், பாடியவர் யார் என அறிய அது உதவியது. அவ்வறிவிப்பு பாட்டன்று. பக்கவாத்தியம் ஓய்ந்து, இரைச்சல் மட்டும் ஓங்கி நிற்கும் தட்டின் கடைசி நொடிகளில் அது வருகிறது. பாட்டு முடிந்தது என்று அவ்விடத்தில் வெட்டிவிடுவது எளிது.

சொற்பொருள்

பரண் – பொருள்களை வைக்கும் மேல்தட்டு
அராவுதல் – தேய்த்துக் குறைத்தல்
பரும்படியாக – நுண்மையின்றி
முரலொலி – வண்டு இரைவது போன்ற ஒலி
வலந்தலை – மிருதங்கத்தின் வலப்பக்கம்
பாடபேதம் – ஒரே நூலின் படிகளில் காணும் சொல் வேறுபாடு

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. அரக்குத் தட்டில் கல்தூள் கலந்தது ஏன்?
2. ஸ்பிரிட்டால் தட்டைத் துடைத்தல் கூடாது. ஏன்?
3. வெற்றுப் பள்ளத்தை இரைச்சலின் மாதிரியாகக் கொள்வதன் காரணம் யாது?

ஆ. விரிவான விடை எழுதுக.
1. கீறலின் ஒலியும் வல்லின மெய்யின் ஒலியும் கணினிக்கு ஒன்றுபோல் தோன்றுவதை விளக்குக.
2. ‘பாட்டோடு சில கீறல்கள் இருக்கட்டும்’ என்ற ஆசிரியரின் முடிவை நீங்கள் ஏற்பீர்களா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

இ. கணக்கிடுக.
தட்டின் விளிம்பிலிருந்து நடுவரை நேராக ஒரு கீறல் உள்ளது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அத்தட்டு மூன்று நிமிடம் ஓடினால் எத்தனை சொடக்குகள் கேட்கும்?

ஈ. மொழித்திறன்
1. கீழ்க்காணும் தொடர்களில் வல்லினம் மிக்க இடங்களையும் மிகாத இடங்களையும் காரணத்துடன் எடுத்தெழுதுக.
அரக்குத் தட்டு, பழைய தட்டு, பாட்டைக் கேட்டேன், சிறு பூச்சிகள், எழுதி வைப்பர், பெயர்த்தாள்
2. சோவென, சட்டென – இவைபோன்ற ஒலி, விரைவுக் குறிப்புச் சொற்கள் ஐந்தினைத் தொடரில் அமைத்து எழுதுக.

உ. செய்து பாருங்கள்
உங்கள் வீட்டு முதியவர் ஒருவரைத் தமக்குத் தெரிந்த பழம்பாட்டு ஒன்றைப் பாடச் சொல்லி, மின்விசிறி ஓடும் அறையில் ஒருமுறையும், அதனை நிறுத்திவிட்டு ஒருமுறையும் கைப்பேசியில் பதிவு செய்க. முதற்பதிவைச் செயலி ஒன்றால் வடிகட்டி, எந்தெந்தச் சொற்கள் மழுங்கின என்பதை இரண்டாம் பதிவோடு ஒப்பிட்டுப் பட்டியலிடுக. மூன்று கோப்புகளையும் பாடியவரின் பெயர், ஊர், நாள் ஆகிய குறிப்புகளோடு வகுப்புக்குக் கொண்டு வருக.